எடுத்ததைத் திரும்பப் போடாதீர்கள்

மார்ச் 2, திங்கள்

பேசாமல் இருந்தது போதும். ஏழு மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்ததற்கு யாரும் என்னைப் பெரிய மனிதன் என்று சொல்லிவிடவில்லை. 'பேன் சார்' என்று பெயர்தான் வைத்திருக்கிறார்கள். நேற்றும் சங்கக் கூட்டம் நடந்திருக்கிறது. நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு ஒரு போன் வரவில்லை.

எழுதப் போகிறேன். எழுதி, சங்கம் கூடும் வண்ணமீன் கடை மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையில், முழுப் பெயர், பட்டம், கையெழுத்தோடு ஒட்டப் போகிறேன். அதற்கு முன் நடந்ததை இங்கே ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

மீன் வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் என் மனைவியின் அண்ணன். அதாவது என் மச்சான். பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற இன்ஜினுக்கு மேலே கத்திப் பழகிய குரல். இன்ஜின் நின்ற பிறகும் அது நிற்கவில்லை. போன ஜூலைக் கூட்டத்துக்கு நான் என் வெள்ளைப்புழுப் பெட்டி ஒன்றைக் கொண்டுபோனேன். மீன் குஞ்சுகளுக்கு உயிருள்ள தீனியாக வீட்டிலேயே வளர்க்கும் புழு. நூலைத் துண்டு துண்டாக நறுக்கியதுபோல் இருக்கும். கேட்டவர்களுக்கெல்லாம், தயிருக்கு உறை கொடுப்பதுபோல, ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். கொண்டுபோய் வளர்த்துக்கொள்ளட்டும் என்று.

மூன்று வாரத்தில் எல்லோர் பெட்டியிலும் பேன். தலையில் வருவதில்லை, தானியத்தில் வருவது. பார்த்தால் மாவு சிந்தியதுபோல் இருக்கும். உற்றுப் பார்த்தால் மாவு நடக்கும். புழுவுக்குப் போட்ட தீனியைத் தின்று பெருகி, கடைசியில் பெட்டி நிறையப் பேனும் பேருக்குப் புழுவுமாக ஆக்கிவிடும்.

ஆகஸ்ட் கூட்டத்தில் மச்சான் எழுந்து நின்றார். "நாங்க பொண்ணைக் கொடுத்தோம். மாப்ள பேனைக் கொடுத்திருக்கார்" என்றார். மாடியே சிரித்தது. உறுப்பினர்களில் ஒருவரான பல் டாக்டர்தான் அதிக நேரம் சிரித்தார். பல்லைக் காட்டுவதும் அவர் தொழிலில் சேர்த்திதானே. 'பேன் சார்' அவர் வைத்த பெயர்.

கூட்டத்துக்குக் கொண்டுபோகாமல் வீட்டில் விட்டுவைத்த பெட்டியில் பேன் இல்லை. அதே தீனி, புழு வாழும் அதே தேங்காய் நார்த்தூள், அதே கை. இன்றுவரை இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

மார்ச் 3, செவ்வாய்

தலைப்பு எழுதினேன்: 'உண்மை நிலை விளக்கம்.' அலுவலகப் பழக்கம். அதற்குக் கீழே இன்னும் ஒன்றும் வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

விலங்கியலில் முதுகலை படித்துவிட்டுக் காப்பீட்டு அலுவலகத்தில் தீப்பிடித்த கடைகளின் கோப்புகளைப் பார்க்கிறவன் நான். எதனால் எரிந்தது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இருபது வருடத்தில், தானாகப் பற்றிக்கொண்டது என்று எழுதாத கடைக்காரரை நான் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால் சேர்ந்தவன் இப்போது மேலாளர். ஜன்னல் ஓர மேசை அவனுக்கு. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பின்பக்கக் குளியலறையை யாரும் பயன்படுத்துவதில்லை என்பதால் நான் எடுத்துக்கொண்டேன். (மனைவி சொல்வது: நீங்க எடுத்துக்கிட்டதாலதான் யாரும் பயன்படுத்துறதில்ல.) அங்கே பலகைமேல் மூன்று பெட்டிகள். ஒவ்வொன்றும் தண்ணீர் ஊற்றிய ஒரு தட்டின் நடுவே, கவிழ்த்த கிண்ணத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. சுவரைத் தொடாது, ஒன்றை ஒன்று தொடாது. தரையில் ஊர்ந்து வரும் பேன் தண்ணீரைத் தாண்டாது. மூடியில் ஓட்டை போட்டு, பழ ஈ நுழையாதபடி துணி ஒட்டியிருக்கிறேன். தீனி, வறுத்துப் பொடித்த ஓட்ஸ். வாங்கியதும் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத்தான் வறுப்பேன். அதிலேயே பேன் முட்டை இருந்தால் செத்துப்போகட்டும் என்று. மறுநாள் காலைக்குள் தின்று தீர்க்கிற அளவுக்குமேல் ஒரு சிட்டிகை போட மாட்டேன். மிஞ்சிய தீனிதான் பேனுக்கு அழைப்பு.

தீனிமேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்தால் புழுக்கள் அதன் அடியில் வந்து அப்பிக்கொள்ளும். துண்டை எடுத்து வழித்தால் போதும். நார்த்தூளைத் தொட வேண்டியதில்லை.

இவ்வளவு சுத்தமாக என் மேலாளர் சாப்பிடுவதைக்கூட நான் பார்த்ததில்லை.

மார்ச் 7, சனி

மனைவி காலையில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மதியம் அங்கிருந்து அண்ணன் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். அண்ணி இறந்து மூன்று வருடம் ஆகிறது. மகன் வெளிநாட்டில். மனிதர் தனியாக இருக்கிறார், மீன் தொட்டிகளோடு.

இன்று வந்ததும் ஆரம்பித்தாள்.

"அண்ணன் வீட்டு ஃபைட்டர் மீன் குஞ்சு பொரிச்சிருக்குங்க. நீல வாலு. இத்தனை வருஷத்துல இதுதான் முதல் தடவையாம்."

"நல்லது."

"பொடித் தீனியைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குதாம். நெளியறதைத்தான் திங்குமாம். அவர்கிட்ட புழு இல்ல. ஊருல யார்கிட்டயும் இல்ல."

"ஆமாம். இல்லை."

"ஒரு கரண்டி கொடுத்தா என்ன?"

"பேன் வீட்டுப் பெட்டியிலிருந்தா? தலைவருக்கா? சங்கத்துக்கே கெட்ட பேராகிவிடும்."

அவள் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரே அச்சு. அவர் கத்தித் தீர்த்துடுவார். நீங்க கத்தாம ஊறுகாய் போட்டு வச்சிருப்பீங்க."

"மன்னிப்புக் கேட்கட்டும். எல்லோர் முன்னாலும்."

"அவருக்கு ஞாபகம் இருக்கான்னே தெரியலங்க."

"எனக்கு இருக்கிறது."

"அவர் இப்ப காலையில எழுந்திரிக்கிறதே அந்தக் குஞ்சுக்காகத்தான்."

நான் காலையில் எதற்காக எழுந்திருக்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஓட்ஸ் வாங்க மீன் கடைப் பக்கம் போனேன். வாசலில் பல் டாக்டர். "என்ன பேன் சார், நலமா?" என்றார். நலம் என்றேன்.

கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று எனக்கு இரண்டு மாதமாக வலிக்கிறது. இந்தப் பக்கத்தில் அவரை விட்டால் வேறு பல் டாக்டர் இல்லை. வலிக்கட்டும்.

மார்ச் 11, புதன்

விளக்கத்தின் முதல் பத்தி முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது. 'தலைவர்' என்று வரும் இடத்திலெல்லாம் 'தலைவர் என்று சொல்லப்படுபவர்' என்று திருத்தினேன். பிறகு மறுபடி 'தலைவர்' என்றே வைத்துவிட்டேன். தேர்தலில் நானும் அவருக்குத்தான் வாக்களித்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

முதல் பெட்டியில் பேன்.

முதலில் தூசி என்று நினைத்தேன். தூசி மூடியின் விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது. கறுப்புத் தாளில் தட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இருக்கு. நடக்குது. எப்படி வந்துச்சு? தண்ணீர் வத்தலை. துணி கிழியலை. எப்படி?

இது போய்விட்டால், மற்ற இரண்டும் போய்விட்டால், இந்த ஊரில் சுத்தமான புழு ஒரு கரண்டி கிடையாது. அது மட்டுமா? அவர் சொன்னது உண்மையாகிவிடும். ஏழு மாதம் கழித்து. பேன் இந்த வீட்டிலிருந்துதான் வந்தது என்று.

மார்ச் 16, திங்கள்

அலுவலகத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். விசாரணை.

ஓட்ஸைச் சந்தேகித்தேன். டப்பாவில் மிச்சமிருந்ததைக் கறுப்புத் தாளில் கொட்டி ஒரு மணி நேரம் பார்த்தேன். ஓட்ஸ் ஓட்ஸாகவே கிடந்தது.

போன வாரம் குழாய் சரிசெய்ய வந்த பிளம்பரைச் சந்தேகித்தேன். போன் செய்து, என் வீட்டுக்கு வருவதற்கு முன் எந்த வீட்டுக்குப் போனார், அங்கே கோழி இருந்ததா, அரிசி மூட்டை இருந்ததா என்று கேட்டேன். "சார், குழாய் ஒழுகுதா இல்லையா?" என்றார். ஒழுகவில்லை என்றேன். வைத்துவிட்டார்.

மேல் வீட்டுக்காரரின் புறாக்களைச் சந்தேகித்தேன். அவரை ஏற்கனவே வேறொரு விஷயத்தில் சந்தேகித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஜன்னலில் வலை இருக்கிறது. நான்தான் அடித்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

இன்னும் இரண்டு பெட்டிகளில் இல்லை. காலையும் மாலையும் பார்க்கிறேன்.

மார்ச் 18, புதன்

அலுவலகத்தில் எரிந்துபோன ஒரு துணிக்கடையின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது புத்தி வந்தது. ஒரே வரிசையில் மூன்று கடை. ஒன்றுதான் எரிந்தது. அப்படியானால் மின்சாரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. மின்சாரம் மூன்றுக்கும் ஒன்றுதான். அந்த ஒரு கடையில் மட்டும் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

மூன்று பெட்டிக்கும் ஒரே ஓட்ஸ். ஒரே தண்ணீர். ஒரே நார்த்தூள். ஒரே கை.

ஒரே கையா?

வீட்டுக்கு வந்து முதல் பெட்டியைத் திறந்தேன். கதவுக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். கண்ணாடித் துண்டு நேராக வைக்கப்பட்டிருந்தது. பெட்டியின் விளிம்புக்கு இணையாக, அழகாக. நான் எப்போதும் கோணலாக வைப்பேன், ஒரு மூலையைப் பிடித்துத் தூக்க வசதியாக. இந்த வீட்டில் எதையும் விளிம்புக்கு இணையாக வைக்கிறவர் ஒருவர்தான். மருந்துக் கடை அலமாரியில் பழகிய கை.

மார்ச் 19, வியாழன்

கேட்டேன்.

"ஆமா. நான்தான் எடுத்தேன்" என்றாள். மறைக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அதையும் நிறுத்தவில்லை.

"எவ்வளவு நாளாக?"

"நீங்க மாட்டேன்னு சொன்ன மறுநாள்லேருந்து. களிம்பு டப்பா ஒண்ணு இருந்துச்சு. அதை வெந்நீர்ல கழுவி, அதுல கொஞ்சம் போட்டு, சாப்பாட்டுக் கேரியரோட கொண்டுபோனேன். கடையில வாங்கினதுன்னு சொல்லியிருக்கேன். உங்க பேரை எடுக்கலை."

"எடுத்தது சரி. பேன் எப்படி வந்தது?"

"எனக்கென்ன தெரியும்? நான் பேனா கொண்டுவந்தேன்? அவர் குஞ்சுக்குப் போட்டது போக டப்பாவுல மிச்சம் இருக்கும். பாவம், உசிரோட இருக்கேன்னு திரும்பக் கொண்டாந்து பெட்டியிலேயே விட்டுடுவேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்னங்க? வீணாக்கச் சொல்றீங்களா? ஒரு பிடி சோத்தைக் குப்பையில போட்டா மூணு நாள் பேசுவீங்க."

அது உண்மை. பேசியிருக்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

பேச்சு இல்லை. என் பக்கத்திலிருந்து. அவள் வழக்கம்போல் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் பேசவில்லை என்பதை இன்னும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

முதல் பெட்டியைக் கழுவினேன். ஒரு வாளியில் பெட்டியிலிருந்ததை அப்படியே கொட்டி, மேலே தண்ணீர் ஊற்றினேன். பேன் மிதக்கும், புழு அடியில் இறங்கிப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். மேலே மிதப்பதைச் சாய்த்து ஊற்றினேன். மறுபடி தண்ணீர், மறுபடி சாய்த்தல். தண்ணீரில் ஒரு தூசியும் மிதக்காமல் நிற்கும்வரை. கொட்டிய தண்ணீர்மேல் கொதிநீர். பிறகு அடியில் இருந்த புழுப் பந்தை மட்டும் எடுத்து, கொதிக்கவைத்து ஆறவைத்த புது நார்த்தூளில் விட்டேன். முட்டை எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் சில நாளில் பொரிக்கும். அதனால் இதே வேலை இன்னொரு தடவை. அதுவரை அந்தப் பெட்டி தனியாக, பால்கனியில், தன் தண்ணீர்த் தட்டோடு.

பழைய நார்த்தூளைக் கொதிநீரில் போட்டபோது அதில் புழுவும் கொஞ்சம் இருந்திருக்கும். எல்லாவற்றையும் பிரித்து எடுக்க முடியாது.

மார்ச் 23, திங்கள்

அலுவலகம் போகுமுன் சமையலறை மேடையில் ஒரு களிம்பு டப்பா வைத்தேன். இரண்டாவது பெட்டியிலிருந்து எடுத்த புழு. எதற்கு என்று சொல்லவில்லை. மாலை வந்து பார்த்தபோது டப்பா இல்லை.

திரும்பி வரவும் இல்லை. குப்பைக்கூடையைப் பார்த்தேன். அங்கே இருந்தது.

இதை ஒரு சமாதானப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளலாமா?

மார்ச் 24, செவ்வாய்

எடுத்துக்கொள்ள நேரம் இல்லை. நான் காலையில் கழுவிவிட்ட குளியலறையில் தரை வழுக்கி அவளுக்குக் கால் பிசகிவிட்டது. கணுக்கால் வீங்கியிருக்கிறது. மருந்துக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு நான் மருந்து சொல்ல முடியாது. கட்டிலில் உட்கார்ந்தபடி, "கேரியர் மேடையில இருக்கு" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. நான் அரை நாள் விடுப்புப் போட்டேன். புது டப்பாவில் புழுவும் எடுத்துக்கொண்டேன்.

ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தக் கதவைத் தட்டுகிறேன்.

"வாங்க மாப்ள" என்றார். நேற்றுத்தான் போய் இன்று வந்தவனைக் கூப்பிடுவதுபோல. "அவ வரல?"

"கால் பிசகிடுச்சு."

"எங்க?"

"குளியலறையில."

"பாத்து நடக்கச் சொல்லுங்க. யாராவது தண்ணியைக் கொட்டி வச்சிருப்பாங்க."

வீடு முழுவதும் தொட்டி. அண்ணியின் தையல் மிஷின் மேல்கூட ஒன்று. மிதிகட்டையில் காலை வைத்தபடி அவர் அந்தத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார். நாற்காலி அப்படிக் கிடந்தது. குஞ்சுகள் அதில்தான். கண்ணிமை முடி அளவுக்கு, நீலம் இன்னும் ஏறாமல்.

அவர் மூக்கு கண்ணாடியில் படும்வரை குனிந்தார். "தெம்பா இருக்கா, பாத்துச் சொல்லுங்க. எனக்கு நிழலாட்டம்தான் தெரியுது."

"ஏன்?"

"ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷன் பண்ணணுமாம். இதுங்க கொஞ்சம் பெரிசாகட்டும்னு தள்ளிப்போட்டிருக்கேன். தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க, கத்தும்."

தெம்பாக இருக்கின்றன என்றேன். இருந்தன. எல்லாவற்றின் வயிறும் வெள்ளையாகப் புடைத்திருந்தது. என் புழு.

"கடைக்காரன் நல்ல சரக்காக் கொடுக்கிறான் மாப்ள" என்று டப்பாவை வாங்கிக்கொண்டார். "தங்கச்சிதான் வாங்கிட்டு வருது. யாரு வளர்க்கிறாங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறானாம். யாரா இருந்தாலும் கைராசிக்காரன். உங்க பெட்டி மாதிரி இல்ல. கோவிச்சுக்காதீங்க."

"இல்லை."

ஒரு தட்டில் கொஞ்சம் புழுவைக் கொட்டினார். கரண்டி நுனியால் தொட்டுத் தொட்டுத் தொட்டியில் விட்டார். குஞ்சுகள் ஓடி வந்தன. அந்த ஓட்டம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், சிரித்தார். தீர்ந்ததும், தட்டில் மிஞ்சியதைக் கரண்டியால் சிந்தாமல் வழித்து, மறுபடி டப்பாவிலேயே போட்டு, மூடியை இறுக்கி என் கையில் கொடுத்தார்.

"ஒண்ணுகூட வீணாக்க மாட்டேன். திருப்பிக் கொடுத்துடுங்க, தங்கச்சி பாத்துக்கும்."

கரண்டியை எங்கே வைத்தார் என்று பார்த்தேன். ஜன்னல் விளிம்பில் ஒரு பழைய புழுப் பெட்டி. ஆகஸ்டில் அழிந்துபோனது. அதன் மூடிமேல்.

"அது எதுக்கு இன்னும்?"

"ஏதாவது ஒண்ணு ரெண்டு தப்பிச்சு இருந்தா மறுபடி துளிர்க்குமேன்னுதான்."

குனிந்து பார்த்தேன். மூடி, கரண்டி, கரண்டிக் காம்பு. மாவு நடந்துகொண்டிருந்தது. அவர் அதே இடத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருக்கு அது தெரியாது. தெரிய வழியில்லை.

கிளம்பும்போது கேட்டே விட்டேன். "ஆகஸ்ட் கூட்டத்துல என்னைப் பத்திச் சொன்னீங்களே. ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்?"

"நாங்க பொண்ணைக் கொடுத்தோம், மாப்ள பேனைக் கொடுத்திருக்கார்னு."

கொஞ்சம் யோசித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார், இருமல் வரும்வரை. "நானா சொன்னேன்? நல்லாருக்கே."

ஏழு மாசம். ராத்திரி பகலா நெஞ்சில வச்சிருந்தேன். நல்லாருக்கேன்னு சொல்றார்.

மார்ச் 25, புதன்

நேற்று டப்பாவை வழியிலேயே, மூடியைத் திறக்காமல், குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். கையைக் கழுவினேன். சட்டையை ஊறவைத்தேன்.

இன்று பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது ஜூலைக் கூட்டம் முழுவதும் கண்முன் வந்தது. ஏற்கனவே புழு வைத்திருந்த சிலரும் பெட்டி கொண்டுவந்திருந்தார்கள். எல்லோர் புழுவையும் ஒரே கண்ணாடித் தட்டில் ஒவ்வொன்றாக வைத்து, லென்ஸில் காட்டினார்கள். கடைசியாக என்னுடையது. அது முடிந்ததும், தட்டில் மிஞ்சியதை, சிந்தாமல், பொறுப்பாக, என் பெட்டியில் வழித்துப் போட்டது யார்?

அவர்தான். அதன் பிறகு அந்தப் பெட்டியிலிருந்துதான் எல்லோருக்கும் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன்.

அவருக்கு நன்றி வேறு சொன்னேன். நினைவிருக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

விளக்கம் முடிந்தது. மூன்று பக்கம். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் வந்தது. ஜூலைக் கூட்டம், ஒரே தட்டு, வழித்துப் போட்ட கை, கூட்டத்துக்குப் போகாத பெட்டி, ஜன்னல் விளிம்பில் இருக்கும் பழைய பெட்டி, எல்லாம் வரிசையாக. முடிவு: 'பேனைக் கொடுத்தது மாப்பிள்ளை அல்ல; மச்சான்.' இருபது வருட வேலையில் இவ்வளவு உறுதியான அறிக்கை நான் எழுதியதில்லை. படிக்கப் படிக்க இனிக்கிறது.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை ஏப்ரல் கூட்டம் வருவதற்கு முன் ஒட்டிவிட வேண்டும். மாடியேறும் ஒவ்வொருவரும் படிக்கட்டும். பல் டாக்டர் இரண்டு தடவை படிக்கட்டும்.

மார்ச் 28, சனி

மனைவி கேட்டாள், கொடுத்தேன். கட்டிலில் காலை நீட்டி, தலையணைமேல் வைத்து, மூன்று பக்கமும் படித்தாள். மருந்துச் சீட்டுப் படிக்கிற கண். ஒரு எழுத்து விடமாட்டாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். "என் பேரைத்தான் காணோம்."

"உன் பேர் எதற்கு?"

"நானும் அதையேதானே செஞ்சேன். மிச்சத்தைத் திரும்பப் போட்டேன். அண்ணன் செஞ்சா பலகையில ஒட்டணும், நான் செஞ்சா வீட்டு விஷயமா?"

"நீ தெரியாமல் செய்தாய்."

"அவர் தெரிஞ்சா செஞ்சார்?"

தாள்களுக்காகக் கையை நீட்டினேன்.

"பல் டாக்டர் அப்படித்தான் செய்வார். மீன் கடைக்காரர் அப்படித்தான் செய்வார். உசிரோட நெளியறதைக் கொட்டறதுக்கு யாருக்கு மனசு வரும்? எல்லார் பேரையும் போடுங்க. பலகை பத்தாது, சுவத்துல எழுதணும்." தாள்களை விளிம்புக்கு விளிம்பு சேர்த்து மடித்துக் கொடுத்தாள். "அப்புறம் ஒண்ணு. கீழே பேன் சார்னு கையெழுத்து இருந்தா, படிக்கிறதுக்கு முன்னாடியே சிரிச்சுடுவாங்க. சிரிச்சுட்டு மேலே போய், மறுபடியும் ஒரே தட்டுல வச்சுப் பாப்பாங்க."

"நான் பேன் சார் என்று கையெழுத்துப் போட மாட்டேன்."

"உங்க பேரைப் போட்டாலும் அதான் அர்த்தம் இப்ப."

பல் வலிக்கிறது.

மார்ச் 30, திங்கள்

பால்கனிப் பெட்டியை இரண்டாம் தடவை கழுவினேன். ஒன்றும் மிதக்கவில்லை. சில செத்த புழுவைத் தவிர.

சமையலறை மேடையில் டப்பா வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் நொண்டிக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். போகிற டப்பா திரும்புவதில்லை.

ஏப்ரல் 1, புதன்

துணிக்கடைக் கோப்பை முடித்தேன். இஸ்திரிப் பெட்டி. கடைக்காரர் ஒவ்வொரு நாளும் அதை அணைத்து, சூடு ஆறுமுன் துணி மூட்டைக்குள் பத்திரமாகச் சொருகி வைப்பாராம், யாரும் கை சுட்டுக்கொள்ளக் கூடாதென்று.

எங்கள் கோப்பில் 'காரணம்' என்று ஓர் இடம் இருக்கிறது, 'காரணமானவர்' என்று இன்னோர் இடம். இரண்டையும் இருபது வருடமாக நிரப்புகிறேன். முதல் இடத்தைச் சரியாக எழுதினால் அடுத்த கடை எரியாமல் இருக்கலாம். இரண்டாம் இடத்தைச் சரியாக எழுதினால் கம்பெனிக்கு லாபம். மேலாளர் எப்போதும் இரண்டாம் இடத்தைத்தான் முதலில் படிப்பான்.

அவனைப் பற்றி எழுத வேண்டும்.

ஏப்ரல் 3, வெள்ளி

மூன்று பக்கத்தை வெட்டினேன். முதலில் பல் டாக்டர் போனார். அவர் போனதில் வருத்தம் உண்டு. அந்த வாக்கியம் நல்ல வாக்கியம். பிறகு ஆகஸ்ட் கூட்டம். பிறகு ஜூலைக் கூட்டம். 'தலைவர்' என்ற சொல் இருந்த வரியெல்லாம் போனதும் அறிக்கை அரைப் பக்கம் ஆனது. தலைப்பையும் மாற்றினேன்.

மிஞ்சியது இவ்வளவுதான்:

'எடுத்ததைத் திரும்பப் போடாதீர்கள். பெட்டியை விட்டு வெளியே வந்த புழு, தின்னப்படாமல் மிஞ்சினாலும், மறுபடி பெட்டிக்குள் போகக் கூடாது. தட்டில் மிஞ்சியதைக் கொதிநீரில் கொட்டிவிடுங்கள். மனசு கேட்காவிட்டால் பெரிய மீனுக்குப் போடுங்கள். ஒருவர் தட்டிலும் கரண்டியிலும் இன்னொருவர் புழுவை வைக்காதீர்கள். பேன் வந்து அழிந்த பழைய பெட்டியைத் துளிர்க்கும் என்று வைத்திருக்காதீர்கள். அதில் துளிர்ப்பது பேன்தான், கண்ணுக்குத் தெரியாது. பெட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள். தீனி அன்றன்றைக்குத் தீரட்டும். பேன் வந்துவிட்டால் பெட்டியிலிருப்பதை நீரில் மூழ்கடியுங்கள். பேன் மிதக்கும், புழு அடியில் தங்கும். பேன் வந்த வீடு அசுத்தமான வீடு அல்ல.'

கடைசி வாக்கியத்தை எடுக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஏப்ரல் 4, சனி

பால்கனிப் பெட்டி சுத்தம். கறுப்புத் தாள், லென்ஸ், மூன்று தடவை. மூன்று பெட்டியும் சுத்தம். அதில் ஒன்றைச் சிறு சிறு டப்பாக்களில் பிரித்தேன், ஆளுக்கு ஒரு உறை என்று. மனைவி டப்பாக்களை அட்டைப் பெட்டியில் வரிசையாக அடுக்கிக் கொடுத்தாள், விளிம்புக்கு இணையாக.

"நாளைக்குக் காலையில அண்ணனைக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? படி தெரியாம ஏறுறார்."

"கண் புரை என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் சொல்லவில்லை. பழைய பெட்டியை மட்டும் நாளைக்கு அவர் சட்டை மாற்றும் நேரத்தில் எடுத்துப் பையில் கட்டிவிட வேண்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

கடை திறப்பதற்கு முன்பே போகிறேன். மாடிப்படிக் கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். டப்பாக்களைப் பலகைக்குக் கீழே வைத்துவிட்டு, தாளை ஒட்டிவிட்டு, அப்படியே மச்சான் வீட்டுக்கு.

பெயர் போடவில்லை. படிக்கிறவர்கள் தலைவர் எழுதியது என்று நினைப்பார்கள். மாலைக்குள் அவரும் அப்படியே நினைத்துக்கொள்ளக்கூடும். அவர் ஞாபகசக்தி எனக்குத் தெரியும். நினைத்துக்கொள்ளட்டும்.

எழுத்தை மட்டும் பெரிதாக்கினேன். நேற்று மாலை அலுவலகத்துக்குப் போய், அச்சு இயந்திரத்தில் போகிற அளவுக்குப் பெரிதாக. படியின் கீழே நின்றாலே தெரியும். புரை விழுந்த கண்ணுக்கும் தெரியும். அதனால் அரைப் பக்கம் நான்கு தாளாகிவிட்டது. கடைசித் தாளின் அடிவரை எழுத்துதான். கையெழுத்துக்கு இடம் இல்லை.